எதிர்க்காற்றில் சைக்கிள்: மான்குர்த் தமிழர்கள் படும் பாடு

மும்பையில் ஜூன் இரண்டாவது வாரம் பருவமழை இறங்கும் என்பது வழக்கமான கணக்கு. மான்குர்த்தில் அதற்குச் சில நாள் முன்பே காற்று இறங்கிவிடும். கூரைத் தகரங்கள் தடதடக்கும். பிளாஸ்டிக் படுதாக்கள் பறந்து போகாமலிருக்க அவற்றின் மேல் கல்லும் பழைய டயரும் ஏற்றி வைப்பார்கள்.

இந்தக் காற்றை நினைத்து அதிகம் கவலைப்படுகிறவர்கள் சைக்கிள்காரர்கள்தான்.

மான்குர்த்திலும் பக்கத்துச் சீட்டா கேம்ப்பிலும் நம்மவர்கள் ஏராளம். ஜனதா காலனியில் இருந்தவர்கள் 1976-ல் அங்கிருந்து அகற்றப்பட்டுச் சீட்டா கேம்ப்புக்குக் கொண்டுவரப்பட்ட கதை பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். இட்லி விற்பவர், பேப்பர் போடுபவர், பால் ஊற்றுபவர், இரவுக் காவலுக்குப் போய் வருபவர் எனச் சைக்கிளை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் இந்தப் பகுதியில் இன்றும் இருக்கின்றன. மோட்டார் சைக்கிள் வாங்கியவர்கள் வாங்கிவிட்டார்கள். வாங்காதவர்களுக்கு இரண்டு காலும் இரண்டு சக்கரமும்தான் சொத்து.

ஊரில் "ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்பார்கள். செங்கோட்டைக் கணவாய், பாலக்காட்டுக் கணவாய், ஆரல்வாய்மொழி ஆகிய இடங்களில் வீசும் காற்றைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மும்பைக் காற்று புதிதல்ல. இரண்டும் ஒரே தென்மேற்குப் பருவக்காற்றுதான். ஆனால் ஊரில் காற்று பலமானால் ஒரு புளியமரத்தடியிலோ டீக்கடையிலோ ஒதுங்கலாம். சயான்-பன்வெல் நெடுஞ்சாலையில், கழிமுகத்தின் மேல் கட்டியிருக்கும் வாஷி பாலத்தில் ஒதுங்க ஏது இடம்? இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவே லாரிகள்.

குழந்தை ஓட்டும் வண்டியைப் பாருங்கள்

இந்தக் காற்றுக்குள் இப்போது புதிதாக ஒரு சைக்கிளும் வந்து சேர்ந்திருக்கிறது. இளைஞர்கள் இதை "பிக்சி" என்கிறார்கள். பழைய ஆட்கள் "பிக்சட் வீல்" என்பார்கள்.

இது என்ன என்று புரிந்துகொள்ள வீட்டுக் குழந்தையின் மூன்று சக்கர வண்டியைப் பார்த்தாலே போதும். அதில் பெடல் முன்சக்கரத்தோடு சேர்ந்தே சுற்றும். சக்கரம் ஓடினால் பெடலும் ஓடும். பெடலை நிறுத்தினால் சக்கரமும் நின்றுவிடும். பின்னால் மிதித்தால் வண்டி பின்னால் போகும். பிக்சட் வீல் சைக்கிளும் அப்படியே. செயின் மட்டும் நடுவில் இருக்கிறது.

நாம் எல்லோரும் ஓட்டும் சாதாரண சைக்கிளில் பின்சக்கரத்துப் பல்சக்கரத்துக்குள் "பிரீவீல்" என்ற பாகம் உண்டு. மிதிப்பதை நிறுத்தினால் "டிக் டிக்" என்று சத்தம் வருமே, அதுதான். கால் சும்மா இருக்கும். சக்கரம் தன்பாட்டுக்கு ஓடும். பிக்சட் வீலில் அந்தப் பாகம் கிடையாது. இறக்கத்திலும் கால் ஓய முடியாது.

இது புதுக் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். 1885-ல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் "ரோவர்" சைக்கிளை வெளியிட்டார். இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு, பின்சக்கரத்துக்குச் செயின் என்று இன்றைய சைக்கிளுக்கு வழி காட்டிய வண்டி அது. அதில் பிரீவீல் இல்லை. 1900-ஆம் ஆண்டை ஒட்டித்தான் பிரீவீல் பரவலாக வந்தது. அதாவது நம் கொள்ளுத்தாத்தா காலத்தில் இருந்த முறையைத்தான் பேரப்பிள்ளைகள் இப்போது நாகரிகம் என்று எடுத்து மாட்டுகிறார்கள்.

அண்ணாச்சியும் மகனும்

மான்குர்த் ஸ்டேஷனுக்கு மேற்கே ஒரு சந்தில் குடியிருக்கும் இட்லி அண்ணாச்சி ஒருவர் நெல்லைச் சீமைக்காரர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. விடியுமுன் எழுந்து, இட்லிப் பாத்திரத்தைக் கேரியரில் கட்டி, சாம்பார் தூக்கும் சட்னித் தூக்கும் ஹேண்டில்பாரில் மாட்டி, ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு செம்பூர்ப் பக்கம் போகிறவர்.

அவருடைய மகன் வாஷி மார்க்கெட்டில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான். அப்பாவின் பழைய சைக்கிள் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. அதன் மட்கார்டைக் கழற்றி, ஸ்டாண்டைக் கழற்றி, பிரேக் கம்பிகளையும் கழற்றிவிட்டான். பிரீவீலில் வெல்டிங் வைத்துப் பிக்சட் வீலாக மாற்றிக்கொண்டான். தினமும் அதிலேயே பாலம் தாண்டி வாஷி போய் வருகிறான்.

வீட்டில் சண்டை!

"தம்பி, பாரம் ஏத்துன சைக்கிளுக்கு மூச்சு வாங்க ஒரு நேரம் வேணும். அந்த நேரத்தைப் பிரீவீல்தான் குடுக்கு. அதைப் போயி அடைச்சு வச்சிருக்கானே!" என்கிறார் அப்பா.

மகனுக்கும் நியாயம் இருக்கிறது. "அப்பா சைக்கிள்ல மழை நேரம் பிரேக் பிடிச்சா பத்தடி தள்ளித்தான் நிக்கும் அண்ணே. என்னோடதுல கால் கட்டுப்பாட்டிலேயே வண்டி இருக்கு. ரெண்டு கையும் ஹேண்டில்ல இருக்கு. காத்துக்கு அதுதான் நல்லது" என்கிறான்.

இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை. ஏனென்றால் தவறினால் போவது பந்தயம் அல்ல. ஒரு குடும்பத்தின் வருமானம், சில சமயம் உயிரே.

காற்றின் கணக்கு

சைக்கிள் ஓட்டுபவரை இரண்டு விஷயங்கள் பின்னால் இழுக்கின்றன. ஒன்று, ரோட்டில் டயர் உரசுவது. இன்னொன்று, காற்று. டயரின் இழுப்பு வேகத்துக்கு ஏற்ப அதிகம் மாறாது. காற்றின் இழுப்பு அப்படி அல்ல. காற்று முகத்தில் அடிக்கும் வேகம் இரண்டு மடங்கானால் அதன் எதிர்ப்பு நான்கு மடங்காகும்.

ஒரு உதாரணம். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சாதாரண சைக்கிளில் ஒருவர் காற்றில்லாத நாளில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறார். மறுநாள் எதிரே மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று. இப்போது அவர் முகத்தில் அடிப்பது 35 கிலோமீட்டர் காற்று. அதே 15-ஐ விடாமல் பிடிக்க வேண்டுமானால் முந்தின நாளைப்போல் சுமார் மூன்று மடங்கு உழைக்க வேண்டும்!

அதே மனிதர் வேகத்தை 8 கிலோமீட்டராகக் குறைத்துக்கொண்டால் உழைப்பு ஏறக்குறைய பழைய அளவுக்கே வந்துவிடும். பாதி வேகம், அதே களைப்பு. எதிர்க்காற்றில் செய்யத் தகுந்த ஒப்பந்தம் இதுதான்.

இங்கேதான் ஒற்றைப் பல்சக்கரத்தின் சங்கடம் வருகிறது. நம் 28 அங்குலச் சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொண்டால் பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி சுமார் ஐந்தரை மீட்டர் போகும். கியர் சைக்கிள்காரர் எதிர்க்காற்றில் லேசான கியருக்கு மாறிவிடுவார். நமக்கு மாற்ற முடியாது. வேகம் பாதியாகும்போது கால் சுற்றுவதும் பாதியாகிறது; ஒவ்வொரு மிதிக்கும் இரண்டு மடங்கு அழுத்தம் தேவைப்படுகிறது. முழங்கால் வலிப்பது இதனால்தான்.

இதற்கு அதிகச் செலவில்லாத வைத்தியம் உண்டு. மழைக்காலம் நான்கு மாதமும் பின்னால் 18 பல்லுக்குப் பதில் 20 பல் போட்டால் மிதியின் பாரம் பத்தில் ஒரு பங்கு குறையும். 22 பல் என்றால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். வேகம் குறையுமே என்றால், எதிர்க்காற்றில் எப்படியும் வேகம் போகப் போவதில்லை!

எதிர்க்காற்றில் பிக்சட் வீலுக்கு ஒரு சின்ன அனுகூலம் இருப்பதாக ஓட்டுகிறவர்கள் சொல்கிறார்கள். பெடல் நேர் மேலேயும் நேர் கீழேயும் வரும் இடத்தில் காலுக்குப் பலம் இருக்காது. அந்த இடத்தில் ஓடும் சக்கரமே பெடலை இழுத்துக் கொடுப்பதால் மிதி சீராக வருகிறதாம். இது உண்மையே. ஆனால் காற்று பலமாகி வண்டி நடக்கும் வேகத்துக்கு வந்துவிட்டால் இழுத்துக்கொடுக்கச் சக்கரத்திலும் தெம்பு இருக்காது.

போகும்போது நண்பன், வரும்போது பகைவன்

மழைக்காலத்தில் மும்பையில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும். மான்குர்த்திலிருந்து வாஷி கிழக்கே இருக்கிறது. ஆகவே காலையில் வேலைக்குப் போகிறவரை முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும் காற்று, மாலையில் களைத்துத் திரும்பும்போது நெஞ்சில் கைவைத்துத் தடுக்கும்.

போகும்போது மிச்சமானது வரும்போது சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஆறு கிலோமீட்டர் போய் வர, காற்றில்லாத நாளில் மணிக்கு 15 வேகத்தில் 48 நிமிடம் ஆகும். காற்று நாளில் போகும்போது 20, வரும்போது 9 என்று வையுங்கள். போக 18 நிமிடம், வர 40 நிமிடம். மொத்தம் 58! பத்து நிமிடம் நஷ்டம். நண்பனோடு இருக்கும் நேரம் குறைவு, பகைவனோடு இருக்கும் நேரம் அதிகம், அதுதான் காரணம்.

குளிர்காலத்தில் கதை வேறு. காலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கிக் கிழக்குக் காற்று மெல்ல வீசும். பிற்பகலில் கடலிலிருந்து மேற்குக் காற்று கிளம்பும். அந்த மாதங்களில் செம்பூர்ப் பக்கம் போகிற இட்லிக்காரர் காலையில் சீக்கிரம் கிளம்பினால் காற்று அவர் பக்கம் இருக்கும். கடல்காற்று கிளம்பிய பிறகு திரும்பினால் அப்போதும் அவர் பக்கம்தான்! வாஷிக்குப் போகிறவருக்கு இரண்டு வேளையும் எதிர்க்காற்று. ஒரே ஊர், ஒரே காற்று. ஆளுக்கு ஒரு நீதி.

பின்காற்றில் பிரீவீல்காரர் ராஜா மாதிரி காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிக்சட் வீல்காரருக்கு அது கிடையாது. காற்று தள்ளத் தள்ள, சக்கரம் பெடலைச் சுற்றும். பெடல் காலைச் சுற்றும். பாலத்தின் இறக்கத்தில் 30 கிலோமீட்டர் வேகம் வந்துவிட்டால் கால்கள் நிமிடத்துக்கு 90 தடவைக்கு மேல் சுற்றியாக வேண்டும். மழையில் செருப்பு வழுக்கிக் கால் பெடலை விட்டால் முடிந்தது. பெடல் நிற்காது. கணுக்காலிலும் ஆடுதசையிலும் அடிக்கும். ஓடுகிற பெடலில் மறுபடி காலை வைப்பது சுலபமான காரியம் அல்ல.

இதைவிட மோசமானது துணி. காற்றில் பேன்ட்டின் கால்பகுதியோ வேட்டி நுனியோ மழைக்கோட்டுக் கயிறோ செயினில் சிக்கினால், சாதாரண சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தி எடுத்துவிடலாம். பிக்சட் வீலில் வண்டி நிற்கும்வரை செயின் இழுத்துக்கொண்டே இருக்கும். துடைக்கும்போது சக்கரத்தைச் சுற்றிவிட்டுச் செயினில் விரலை வைத்து விரல் இழந்தவர்கள் உலகம் முழுவதும் உண்டு.

பக்கக்காற்றும் லாரியும்

எதிர்க்காற்று களைப்பைத் தரும். ஆளைத் தள்ளிவிடுவது பக்கக்காற்று.

பக்கத்திலிருந்து காற்று அடிக்கும்போது நாம் அறியாமலே காற்றின் பக்கம் லேசாகச் சாய்ந்து ஓட்டுகிறோம். அப்போது ஒரு லாரி நமக்கும் காற்றுக்கும் நடுவே வந்துவிடும். காற்று சட்டென்று நின்றுபோகும். சாய்ந்த பக்கமே, அதாவது லாரியின் பக்கமே, சைக்கிள் இழுபடும். லாரி தாண்டியதும் காற்று மறுபடி "பட்" என்று அறையும். பாலங்களிலும், கட்டிட வரிசை முடிந்து வெட்டவெளி ஆரம்பமாகும் முனைகளிலும் இதே ஆபத்துதான்.

பாரம் இருந்தால் ஆபத்து அதிகம். உயரமான பாத்திரமும் அதைச் சுற்றிய துணியும் காற்றுக்குப் பாய்மரம் போல. பாத்திரத்தை எவ்வளவு தாழ்வாகக் கட்ட முடியுமோ அவ்வளவு தாழ்வாகக் கட்டுவது நல்லது. ஹேண்டில்பாரில் தொங்கும் தூக்கு ஆடினால் ஹேண்டிலும் ஆடும். அதை ஒரு கயிறு போட்டு அசையாமல் கட்டிவிட வேண்டும். ஒரு கையில் குடையும் ஒரு கையில் ஹேண்டிலுமாகப் போகிறவர்களுக்குச் சொல்ல வேறொன்றும் இல்லை. நனைவதே மேல்.

மகன் சொன்ன பாதி உண்மை இங்கேதான் இருக்கிறது. மழை நனைத்த எஃகு ரிம்மில் கம்பி பிரேக்கின் ரப்பர் கட்டை வழுக்கும். பிக்சட் வீலில் ரிம் நனைந்தாலும் காலால் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். கை ஹேண்டிலை விடாது. காற்று விட்டுவிட்டு அடிக்கும்போது இது உதவிதான்.

ஆனால் வேகத்தைக் குறைப்பது வேறு, நிறுத்துவது வேறு. காலால் பிடிப்பது பின்சக்கரத்தை மட்டும். வண்டியை நிறுத்தும்போது ஆளின் பாரம் முன்சக்கரத்துக்குத் தாவும். பின்சக்கரம் லேசாகி வழுக்கும். அவசரத்துக்குக் குறுகிய தூரத்தில் நிறுத்துவது முன்பிரேக்தான். அதைக் கழற்றிவிட்டால், குறுக்கே ஒரு குழந்தை ஓடி வந்தால் என்ன செய்வது?

சாதாரண சைக்கிளில் வளைவில் திரும்பும்போது உள்பக்கப் பெடலை மேலே தூக்கி வைத்துக்கொள்ளலாம். பிக்சட் வீலில் அது முடியாது. சாய்ந்து திரும்பும்போது சுற்றி வரும் பெடல் தரையில் இடித்தால் பின்சக்கரம் எகிறிவிடும். பக்கக்காற்றுக்காக ஏற்கெனவே சாய்ந்திருப்பவருக்கு இந்த ஆபத்து இன்னும் கிட்டே இருக்கிறது.

வெல்டிங் வைத்த சக்கரம்

அண்ணாச்சியின் மகன் செய்ததைப் போலப் பிரீவீலில் வெல்டிங் வைத்துக்கொள்கிறவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு.

பிரீவீல் சக்கரத்தின் நடுப்பாகத்தில் மரை போட்டு முடுக்கப்பட்டிருக்கிறது. முன்னால் மிதிக்க மிதிக்க அந்த மரை இறுகும். பின்னால் அழுத்தினால்? கழலும்!

உண்மையான பிக்சட் வீல் சக்கரத்தில் பல்சக்கரத்தின் வெளிப்பக்கம் எதிர்மரையில் ஒரு பூட்டு வளையம் இருக்கும். பின்னால் அழுத்தினாலும் அது பல்சக்கரத்தைக் கழல விடாது. சாதாரணச் சக்கரத்தில் அந்த எதிர்மரையே கிடையாது. வெல்டிங் வைத்த பிரீவீலைக் காலால் பலமாகப் பின்னால் அழுத்தினால் ஒருநாள் அது கழன்று சுற்றும். அந்த நிமிடத்திலிருந்து காலுக்கும் சக்கரத்துக்கும் சம்பந்தம் அற்றுவிடும். கைப்பிரேக்கும் இல்லை என்றால் வண்டியை நிறுத்த எதுவும் இல்லை. அதுவும் பின்காற்றில், இறக்கத்தில், மழையில்!

சைக்கிள் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். கழலும்வரை யாருக்கும் தெரியாது.

உலகத்தில் என்ன செய்கிறார்கள்?

பிக்சட் வீலுக்குச் சொந்த வீடு பந்தய மைதானம். ஜப்பானில் 1948-ல் கொக்குரா நகரில் ஆரம்பித்த "கெய்ரின்" பந்தயத்தில் பிரேக் இல்லாத பிக்சட் வீல் சைக்கிள்தான். நம் நாட்டில் டெல்லி இந்திரா காந்தி மைதானத்தில் மூடிய சைக்கிள் ஓடுதளம் இருக்கிறது. அந்தமானைச் சேர்ந்த எசோ ஆல்பன் 2018-ல் உலக ஜூனியர் போட்டியில் கெய்ரின் பந்தயத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றது நமக்கெல்லாம் பெருமை.

பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் 1972 அக்டோபர் 25-ல் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்தாரே, அதுவும் பிக்சட் வீலில்தான். அதற்கு அவர் போன இடம் மெக்சிகோ நகரம். கடல்மட்டத்துக்கு இரண்டாயிரத்து இருநூறு மீட்டருக்கு மேல் உயரம். அங்கே காற்று மெலிந்திருக்கும், எதிர்ப்பும் குறையும். உலகச் சாம்பியனே காற்றோடு மோதாமல் காற்று குறைந்த இடம் தேடிப் போயிருக்கிறார்!

மைதானத்தில் எல்லோரும் ஒரே திசையில் ஓடுகிறார்கள். குறுக்கே நாயும் ரிக்‌ஷாவும் வராது. அதனால் அங்கே பிரேக் வேண்டாம். ரோட்டுக்கு அந்த நியாயம் பொருந்தாது. இங்கிலாந்தில் 1983-ஆம் ஆண்டு விதிகளின்படி பிக்சட் வீல் சைக்கிளானாலும் ரோட்டில் ஓட்ட முன்சக்கரத்துக்குப் பிரேக் இருந்தாக வேண்டும். 2016-ல் லண்டனில் முன்பிரேக் இல்லாத பிக்சட் வீல் மோதி, ரோட்டைக் கடந்த பெண் ஒருவர் இறந்துபோனார். ஓட்டிய இளைஞருக்கு மறு ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது.

எதிர்க்காற்றையே விழாவாக்கியவர்கள் நெதர்லாந்துக்காரர்கள். அங்கே கடல் தடுப்பணை ஒன்றின் மேல் 8.5 கிலோமீட்டர் தூரம் எதிர்க்காற்றுச் சைக்கிள் போட்டி 2013 முதல் நடந்து வருகிறது. தேதி முன்னமே குறிப்பதில்லை. புயல்காற்று வரும் என்று தெரிந்த பிறகே அறிவிப்பார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி, கியர் இல்லாத, நிமிர்ந்து உட்காரும் சாதாரணச் சைக்கிள். நம் இட்லி அண்ணாச்சிகள் போனால் பரிசு வாங்கி வந்துவிடுவார்கள் என்று தோன்றுகிறது! ஆனால் ஒன்று: அந்தப் போட்டியில் ரோட்டில் லாரி கிடையாது.

மரத்தைப் பார்த்தால் காற்று தெரியும்

காற்றின் வேகத்தை அறியக் கருவி வேண்டாம். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போபோர்ட் 1805-ல் கண்ணால் பார்த்துக் காற்றை எண்ணிடும் முறை ஒன்றை வகுத்தார். நிலத்தில் அதை இப்படிப் பார்க்கலாம்.

புழுதியும் காகிதமும் பறந்தால் 4-ஆம் எண்: மணிக்கு 20 முதல் 28 கிலோமீட்டர். சைக்கிள் ஓட்டலாம்; மெதுவாக.

சிறு மரங்கள் அப்படியே ஆடினால் 5-ஆம் எண்: 29 முதல் 38. வெறும் சைக்கிள் என்றால் கவனத்தோடு ஓட்டலாம். பாரம் இருந்தால் திறந்த வெளியில் இறங்கித் தள்ளுவது நல்லது.

பெரிய கிளைகள் ஆடி, குடையைப் பிடிக்க முடியாமல் திணறினால் 6-ஆம் எண்: 39 முதல் 49. பாலத்தில் சைக்கிள் வேண்டாம்.

முழு மரமும் ஆடி, நடக்கவே சிரமமானால் 7-ஆம் எண்: 50-க்கு மேல். வீட்டை விட்டுச் சைக்கிளை எடுக்கவே கூடாது.

இது சராசரி வேகம். இடையிடையே அடிக்கும் சுழற்சி இதைவிட அதிகம் இருக்கும். 2020 ஆகஸ்ட் 5-ஆம் தேதியும், டவ்தே புயல் கடந்த 2021 மே 17-ஆம் தேதியும் கொலாபாவில் 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று அடித்ததாக வானிலைத் துறை பதிவு செய்தது.

ஒதுங்கும் இடத்தையும் பார்த்து ஒதுங்க வேண்டும். 2024 மே 13-ஆம் தேதி மாலை அடித்த புழுதிக்காற்றில் காட்கோபர் செட்டா நகரில் பெட்ரோல் பங்க் மேல் ராட்சத விளம்பரப் பலகை விழுந்து 17 பேர் மாண்டதை மறக்க முடியுமா? அது மான்குர்த்துக்குக் கூப்பிடு தூரம். பலகை, தகரக் கூரை, பட்ட மரம் ஆகியவற்றின் கீழ் நிற்பதைவிட நனைந்துகொண்டு தள்ளி நிற்பது உத்தமம்.

கவனத்தில் வைக்க வேண்டியவை

பிக்சட் வீல் வேண்டும் என்கிற பிள்ளைகள் அதற்கென்றே செய்த, பூட்டு வளையம் உள்ள சக்கரத்தைத்தான் போட வேண்டும். வெல்டிங் கூடாது.

முன்பிரேக் கட்டாயம் இருக்க வேண்டும். பிரேக் கட்டையை மழைக்கு முன் மாற்றிவிடுங்கள். ரிம் நனைந்திருந்தால் நிறுத்த வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே பிரேக்கை லேசாகத் தொட்டுத் தண்ணீரைத் துடைத்துவிட்டு, பிறகு பலமாகப் பிடியுங்கள்.

செயினுக்கு மூடி போடுங்கள். பேன்ட்டின் கால்பகுதியை மடித்துக் கட்டுங்கள். மழைக்கோட்டை இடுப்பில் இறுக்குங்கள். அது படபடத்தால் காற்று அதிகம் பிடிக்கும்.

பாரம் ஏற்றிய சைக்கிளுக்குப் பிக்சட் வீல் வேண்டவே வேண்டாம். அண்ணாச்சி சொன்ன மூச்சு வாங்கும் நேரம் வியாபாரிக்கு அவசியம்.

எதிர்க்காற்றில் வேகத்தைப் பார்க்காதீர்கள். மூச்சைப் பாருங்கள். பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிகிற அளவுக்கு மிதியுங்கள். பேச முடியவில்லை என்றால் அதிகம் மிதிக்கிறீர்கள். காற்று நாளில் கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்பிவிட்டால் இந்த அவசரமே இல்லை.

வாஷிக்குப் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. பாலத்தில் முதல் ரோடு 1973-ல் வந்தது. 1992-ல் மான்குர்த்திலிருந்து வாஷிக்கு ரயிலும் வந்துவிட்டது. 6-ஆம் எண் காற்று அடிக்கும் நாளில் சைக்கிளை வீட்டில் சாத்திவிட்டு ரயில் ஏறுவதில் அவமானம் எதுவும் இல்லை. மழைக்காலத்துக்கு மட்டும் ஒரு சீசன் டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம். அண்ணாச்சியின் மகன் முன்பிரேக் மாட்டச் சம்மதித்துவிட்டான். சக்கரத்தை மாற்ற அடுத்த சம்பளம் வரட்டும் என்கிறான். அதுவரை ரயிலில் போ என்று அப்பா சீசனுக்குப் பணம் எடுத்துக் கொடுத்திருக்கிறார்.